மேடைப் பொருட்களின் கணக்கு

பேருந்தின் நெற்றியில் டோனிபாண்டி என்று இருந்தது.
பாண்டி நாட்டுக்காரிக்கு அது போதும்,
சிரித்துக்கொண்டே ஏறிவிட்டேன்.
வேல்ஸில் இப்படியொரு பாண்டி.
இறங்கினால்
மூடிய வங்கி, மூடிய நூலகம், மூடிய நீச்சல்குளம்,
மலைமேல் மழை.
மழைக்கு மட்டும் இங்கே யாரும் நிதி வெட்டவில்லை.

தேவாலயத்தின் பின்கூடத்தில் வியாழன்தோறும் ஒத்திகை.
நெரிஸ் ஒருகாலத்தில் நூலகர்.
நூலகம் போனபின் கையில் மிஞ்சிய ஆட்களுக்கு
நாடகக் குழு என்று பெயர் வைத்துவிட்டாள்.
வசனம் என்று யாரும் எழுதவில்லை,
அவரவருக்கு வந்த கடிதத்தை அவரவர் கொண்டுவந்தார்கள்.
'அன்புள்ள திரு. பார்ஃபிட், தாங்கள் வரத் தவறியமையால்...'
அதுதான் முதல் காட்சி.

எனக்கு அதிகாரி வேடம்.
'நீ இல்லையென்று சொன்னால் மன்னிப்புக் கேட்பது போலிருக்கிறது,
அங்கேயும் அப்படித்தான் சொல்வார்கள்' என்றாள் நெரிஸ்.
கடன் வாங்கிய கோட்டு, கழுத்தில் அட்டை,
கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியில் செய்த கணினி.
எதிரே கெல்வின் பார்ஃபிட், லாரி ஓட்டியவர்.
பேருந்தைத் தவறவிட்டு ஒன்பது நிமிடம் தாமதம்,
நான்கு வாரப் பணம் நிறுத்தம்.
அவர் அவராகவே வருகிறார்.
அதை நடிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் விசாவில் ஒரு வரி உண்டு:
அரசு உதவி எதற்கும் உரிமை இல்லை.
வரி பிடிப்பார்கள், வரிசையில் நிற்க விடமாட்டார்கள்.
வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டுகிறேன்,
ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே நடப்பது
கூலியில் சேராது.
எனக்குக் கிடைக்கவே கிடைக்காத பணத்தை
வாரந்தோறும் கெல்வினுக்கு மறுத்துக்கொண்டிருந்தேன்.
முதலில் நாக்கு கூசியது.
நான்காம் ஒத்திகையில் கூசவில்லை.
கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

உணவு வங்கிக் காட்சிக்கு மேசைமேல் பத்து டின்கள்.
அவரை ஆறு, தக்காளி சூப் மூன்று, பீச் ஒன்று
என்று நோட்டில் குறித்திருந்தாள் நெரிஸ்.
முதல் நாள் ஆட்டம் முடிந்து எண்ணினால் ஒன்பது.
இரண்டாம் நாள் ஆறு.
(குறைந்த மூன்றில் ஒன்று சூப்.
அதிகாரியின் கோட்டுக்கு உள்பை ஆழம்.)

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள் எங்கள் பக்கம்.
அந்தப் பத்தில் முதலில் போவது மானமாம்.
இங்கே மானம் கடைசிவரை உட்கார்ந்திருந்தது,
நாற்காலி அடுக்கியது, தரை கூட்டியது,
இரவு வணக்கம் சொல்லிக் கதவைச் சாத்தியது.
பறந்ததெல்லாம் அவரைதான்.

நெரிஸ் ஒருவரையும் கேட்கவில்லை.
மூன்றாம் நாள் மேசையில் மறுபடி பத்து டின்,
பக்கத்தில், பட்டியலில் இல்லாத ஒரு டின் திறப்பான்.

அன்றைக்குப் பாதி ஆட்டத்தில் விளக்கு போனது.
கூடத்து மீட்டர், நாணயம் போட்டால்தான் எரியும்.
காட்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள் சிலர்.
பின்வரிசையிலிருந்து யாரோ, 'அட, நிஜமாகவே போய்விட்டது.'
இருட்டில் கைமாறிக் கைமாறி
முன்னே வந்தன பவுண்டு காசுகள்.
அந்தச் சத்தத்துக்கு நடுவே
எனக்கு மிக அருகில்
தகரம் மரத்தைவிட்டு எழும் சின்னச் சத்தம்.

வெளிச்சம் வந்தபோது
கெல்வின் தன் நாற்காலியில்தான் இருந்தார்,
ஒருபக்கம் தொங்கும் கோட்டோடு.
அடுத்த வசனம் என்னுடையது.
'வேறு ஏதேனும் அறிவிக்க வேண்டியது உண்டா?'

அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
கேட்டேன். கேட்காமல் எப்படி?
அவர் என் கோட்டைப் பார்த்தார், அந்த உள்பைப் பக்கம்.
எவ்வளவு நாளாகத் தெரியுமோ.
'இல்லை' என்றார், வசனப்படி.

கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியில்
இல்லை என்று தட்டினேன்,
ஒவ்வோர் எழுத்தாக, பிழையில்லாமல்.